இறக்குமதி வரி குறைந்தால் கிராமத்து ஏழைக்கு லாபமா நட்டமா? கணக்கு எங்கே சறுக்குகிறது?

#1 வரப்பு

ஒரு நாடு தானியத்தின் மீதான இறக்குமதி வரியை 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு நல்ல குடும்ப சர்வே இருக்கிறது. விளைச்சல், விற்பனை, சொந்த உபயோகம், வெளியில் வாங்கியது, கூலி வருமானம், நிலம், மொத்தச் செலவு எல்லாம் அதில் உண்டு. இதை வைத்துக் கிராமப்புற வறுமை கூடுமா குறையுமா, யாருக்கு எவ்வளவு என்று வீடு வீடாகக் கணக்குப் போடுவது எப்படி? எங்கெல்லாம் சறுக்கும்?

"உலகமயம் நல்லதா கெட்டதா" பட்டிமன்றம் வேண்டாம். அதற்கு ஏற்கெனவே நாற்பது இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

#2 கணக்குப்பிள்ளை

முதல் படி எளிது. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் 1989இல் தாய்லாந்து அரிசி விலையை வைத்துச் செய்துகாட்டிய வழிதான் இன்றைக்கும் அடித்தளம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு எண். வீடு விளைவித்த தானியத்தின் மதிப்பிலிருந்து வீடு சாப்பிட்ட தானியத்தின் மதிப்பைக் கழித்து, மொத்தக் குடும்பச் செலவால் வகுங்கள். நிகர ஆதாய விகிதம் என்று பேர் வைத்துக்கொள்ளலாம். நேர்க்குறி வந்தால் அந்த வீடு நிகர விற்பனையாளர், விலை ஏறினால் லாபம். எதிர்க்குறி என்றால் நிகர வாங்குபவர், விலை இறங்கினால் லாபம்.

எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுச் செலவு 60,000. தானிய விளைச்சல் 20,000. தானிய நுகர்வு 26,000. விகிதம் −6,000 / 60,000 = −0.10. விலை 10% இறங்கினால் இந்த வீட்டுக்கு மொத்தச் செலவில் 1% மிச்சம்.

இந்த ஒரு வரிக் கணக்கிலேயே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று, சொந்த உபயோகத்தை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். விளைச்சல் பக்கத்தில் விற்றதை மட்டும் எழுதிவிட்டு, நுகர்வுப் பக்கத்தில் வீட்டுக் குதிரில் இருந்து எடுத்ததையும் சேர்த்துவிட்டால், ஊரில் உள்ள விவசாயி அத்தனை பேரும் நிகர வாங்குபவர் ஆகிவிடுவார்கள். முடிவு அழகாக வரும், அத்தனையும் பொய்.

இரண்டு, வரி 30-இலிருந்து 10 ஆனால் விலை 20% குறையாது. உள்நாட்டு விலை 1.30 மடங்கிலிருந்து 1.10 மடங்காகிறது. 0.20 / 1.30 = 15.4%. இதுவும் துறைமுகத்தில்தான். கிராமத்துக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது தனிக் கதை.

#3 பதர்

கணக்குப்பிள்ளை சொன்ன பள்ளங்களுக்கு முன்னாலேயே ஒரு குழி உண்டு: அளவு. வீடு விற்பது நெல், வாங்குவது அரிசி. 100 கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி. சர்வே கோப்பில் விளைச்சல் நெல்லாகவும் நுகர்வு அரிசியாகவும் பதிவாகியிருக்கும், அலகுக் குறியீடு இன்னொரு கோப்பில் இருக்கும். அதைப் பார்க்காமல் கிலோவுக்குக் கிலோ கழித்தால் விளைச்சல் ஒன்றரை மடங்கு வீங்கிவிடும். மக்காச்சோளத்திலும் இதே தொல்லைதான்: கதிராகவா, உதிர்த்த மணியாகவா, மாவாகவா என்று பார்க்க வேண்டும். பிறகு "மூட்டை". ஒரு மாவட்டத்து மூட்டை இன்னொரு மாவட்டத்து மூட்டை அல்ல.

அடுத்தது பருவம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு சிறு விவசாயி அறுவடை முடிந்த கையோடு கடனை அடைக்க 300 கிலோ விற்கிறார், கிலோ 20. வரவு 6,000. ஏழு மாதம் கழித்துக் குதிர் காலி. அடுத்த அறுவடை வரை 220 கிலோ வாங்குகிறார், கிலோ 30. செலவு 6,600. (புரிவதற்காக இரண்டையும் அரிசிக் கிலோவாகவே வைத்திருக்கிறேன்.) கிலோவில் பார்த்தால் அவர் 80 கிலோ நிகர விற்பனையாளர். பணத்தில் பார்த்தால் 600 நிகர வாங்குபவர். இவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

#4 வரப்பு

@பதர், பணத்தில்தானே போட வேண்டும்?

#5 பதர்

பணத்தில்தான், ஆனால் அதோடு முடியவில்லை. வரி குறைப்பு எந்த மாதத்து விலையை அசைக்கிறது என்று பாருங்கள். அறுவடை நேரத்தில் உள்ளூர்ச் சரக்கு மலிந்து கிடக்கும், இறக்குமதியே வராது. அப்போது வரி 30 இருந்தாலும் 10 இருந்தாலும் ஒன்றுதான். கையிருப்பு தீர்ந்த மாதங்களில்தான் கப்பல் வரும், அப்போதுதான் வரி விலையைத் தொடும். அப்படியென்றால் இவர் விற்கும் 20 அப்படியே நிற்கும், வாங்கும் 30 மட்டும் இறங்கும். அவருக்கு முழு லாபம். இறக்குமதி ஆண்டு முழுக்க வரும் நாட்டில் இரண்டு விலையும் இறங்கும், லாபம் சுருங்கும். ஆண்டுச் சராசரி விலை ஒன்றை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

சர்வே எந்த மாதத்தில் எடுத்தது என்பதும் முக்கியம். "கடந்த 7 நாளில் என்ன வாங்கினீர்கள்" என்ற கேள்வியை அறுவடை மாதத்தில் கேட்டால் யாரும் தானியம் வாங்கியிருக்க மாட்டார்கள். நேர்காணல் மாதத்தை ஒரு மாறியாக வைத்து, மாதவாரியாக நிகர வாங்குபவர் விழுக்காட்டை ஒரு தடவை வரைந்து பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் ஆண்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

#6 தராசுத்தட்டு

விலை கிராமத்துக்கு வந்து சேருகிறதா என்பதைப் பற்றி. பலர் ஒரே சதவீதத்தை எல்லா வீட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு. கிராமங்களை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, நகரத்துக்குச் சரக்கு அனுப்பும் கிராமம். அங்கே களத்துமேட்டு விலை என்பது நகர விலையில் வண்டிக் கூலி, அரவை, கமிஷன் எல்லாம் போக மிச்சம். நகர விலை 100, இடைச்செலவு 40 என்றால் களத்தில் 60. இறக்குமதியால் நகர விலை 90 ஆனால் இடைச்செலவு அப்படியே இருக்க, களத்தில் 50. நகரத்தில் 10% இறக்கம், விவசாயிக்கு 16.7% இறக்கம்.

இரண்டாம் வகை, வெளியிலிருந்து தானியம் வரும் கிராமம். அங்கே விலை 100 + 40 = 140. அது 130 ஆகிறது. 7.1% இறக்கம்தான்.

மூன்றாம் வகை, அனுப்புவதுமில்லை வாங்குவதுமில்லை. உள்ளூர் விலை 60-க்கும் 140-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. துறைமுகத்தில் என்ன நடந்தாலும் அங்கே அசைவு இருக்காது. பாதை மோசமாக இருக்க இருக்க இந்த நடுப்பட்டை அகலும்.

மெக்சிகோ மக்காச்சோளத்தில் பலருக்கும் கணிப்பு தவறியதில் இதற்கும் பங்குண்டு. வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. மக்காச்சோளத்துக்கு 25 லட்சம் டன் வரை வரியில்லை, அதற்கு மேல் 215% வரி, அதைப் 15 ஆண்டில் படிப்படியாகக் குறைப்பது என்பது எழுத்தில் இருந்தது. நடைமுறையில் ஒதுக்கீட்டைத் தாண்டி வந்த சரக்குக்கும் அரசு அந்த வரியை வசூலிக்காமல் விட்டுவிட்டது. ஆக 15 ஆண்டுப் பாதுகாப்பு காகிதத்தில் மட்டும். அப்படியும் நாட்டின் மொத்த மக்காச்சோள விளைச்சல் சரிந்துவிடவில்லை. பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகள் விளைச்சலைக் கூட்டின. மலைப்பக்கத்துச் சிறு விவசாயிகளில் பெரும்பகுதி சொந்தச் சாப்பாட்டுக்குப் பயிரிட்டவர்கள், மூன்றாம் வகை. சந்தை விலை இறங்கியதும் நிலத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்ற கணிப்பு அவர்களிடம் பலிக்கவில்லை.

இன்னொன்று: 1994 டிசம்பரில் பெசோ சரிந்தது. நாணயம் சரிந்தால் இறக்குமதி விலை ஏறும். வரி குறைப்பின் பாதிப்பையும் நாணயச் சரிவின் பாதிப்பையும் பிரிக்காமல் "1994க்கு முன், பின்" என்று ஒப்பிடுகிற எந்த அட்டவணையையும் ஒதுக்கி வையுங்கள்.

#7 கணக்குப்பிள்ளை

@தராசுத்தட்டு சொன்னதோடு ஒன்று. வரி 30% இருப்பதாலேயே உள்ளூர் விலை துறைமுக விலையைவிட 30% அதிகமாக இருக்கும் என்று பொருளில்லை. வெறும் 12% தான் அதிகம் என்றால் வரியை 30-இலிருந்து 15 ஆக்கினால்கூட ஒன்றும் ஆகாது. 12-க்குக் கீழே போகும்போதுதான் விலை அசையும். முதலில் இரண்டு விலைகளையும் மாதவாரியாக எடுத்து, இடைவெளி உண்மையில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வரியைத் தொட வேண்டும்.

#8 ஆற்றுமணல்

ஏற்றுமதிப் பயிரிலும் விலை முழுசாகக் கீழே வராது. உகாண்டா காப்பியை மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸும் ரூத் ஹில்லும் ஆராய்ந்தார்கள். மொத்த விலை ஏறும்போது களத்து விலை அதே அளவு ஏறவில்லை. மொத்த விலை ஏறியது விவசாயிக்குத் தெரிவதில்லை, அந்த லாபத்தைப் பிடிக்கச் சைக்கிள் வியாபாரிகள் புதிதாகக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். வியாபாரிகள் எண்ணிக்கை கூடினால் போட்டியால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்ற பாடம் இங்கே பொய்த்துவிடுகிறது. அலைச்சலுக்கே லாபம் போய்விடுகிறது.

இதைவிடக் கசப்பானது மொசாம்பிக் முந்திரி. பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கு இருந்த தடையையும் வரியையும் 1990களில் தளர்த்தினார்கள். ஏற்றுமதி திறந்தால் விவசாயிக்கு நல்ல விலை, வறுமை குறையும் என்பது வாதம். மக்மில்லன், ராட்ரிக், வெல்ச் மூவரும் கணக்குப் போட்டபோது, முந்திரி வளர்க்கும் சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 5.30 டாலர். லாபத்தில் பெரும்பகுதி இடைத்தரகர்களிடம் நின்றது. மறுபக்கம், கொட்டை உடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 11,000 பேரில் பெரும்பாலோருக்கு வேலை போனது. விலைக் கொள்கையின் திசை சரிதான், விவசாயிக்கு விலை ஏறவும் செய்தது. ஏற்றத்தின் அளவு 5 டாலர்!

#9 உழவாரம்

இதுவரை யாரும் கூலியைத் தொடவில்லை. நிலமில்லாத வீட்டுக்கு நிகர ஆதாய விகிதம் எப்போதும் எதிர்க்குறிதான், ஆக "விலை இறங்கினால் லாபம்" என்று கணக்கு சொல்லும். அந்த வீடு சம்பளம் வாங்குவதே பக்கத்து வயலில்தான். நெல் விலை இறங்கினால் நடவுக்கும் களைக்கும் ஆள் குறையும், கூலி இறங்கும்.

வங்கதேசத் தரவை வைத்து மார்ட்டின் ரவாலியன் செய்த ஆய்வு இதற்குச் சரியான ஆதாரம். அரிசி விலை 1% மாறினால் விவசாயக் கூலி குறுகிய காலத்தில் 0.22% அளவுக்கும், சில ஆண்டுகள் போன பிறகு 0.47% அளவுக்கும் மாறுகிறது என்று பாய்ஸும் அவரும் 1991இல் கணித்தார்கள். அந்த எண்களை நம் கணக்குப்பிள்ளையின் வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

துறைமுக விலை இறக்கம் 15.4%. அதில் 0.4 பங்கு கிராமத்துக்கு வந்து சேர்கிறது என்று வையுங்கள்: 6.15%. விகிதம் −0.10, ஆக விலையால் லாபம் +0.62%. இந்த வீட்டுக்கு வருமானத்தில் 40% விவசாயக் கூலி.

முதல் ஆண்டு: கூலி இறக்கம் 6.15 × 0.22 = 1.35%. வருமானத்தில் அதன் பாதிப்பு 0.54%. மொத்தம் +0.08%. கிட்டத்தட்டப் பூச்சியம்.

நாலைந்து ஆண்டு கழித்து: 6.15 × 0.47 = 2.89%. பாதிப்பு 1.16%. மொத்தம் −0.54%.

அதே வீடு, அதே வரி. முதலில் லாபம் மாதிரி தெரிந்தது, பிறகு நட்டம். கூலியைச் சேர்க்காமல் ஒருவர் "கிராமத்து ஏழைகள் பெரும்பாலும் நிகர வாங்குபவர்கள், ஆகவே விலை குறைப்பு ஏழைக்கு நல்லது" என்று எழுதினால், அவர் முதல் ஆண்டைத்தான் சொல்கிறார்.

#10 வெள்ளைத்தாள்

@உழவாரம், இது ரொம்ப வசதியான உதாரணம். விகிதத்தை −0.30 என்று போட்டிருந்தால் விலையால் மட்டும் +1.85% வந்திருக்கும், கூலிப் பாதிப்பு அதைத் தின்றிருக்காது. 2008 விலையேற்றத்தை மறந்துவிட்டீர்களா? இவானிக்கும் மார்ட்டினும் அப்போது போட்ட கணக்கில் உணவு விலை ஏறியதால் சுமார் 10.5 கோடிப் பேர் வறுமைக்குள் போனார்கள். விலையேற்றம் ஏழையை அடிக்கிறது என்றால் விலை இறக்கம் அவனைத் தூக்கத்தானே வேண்டும்?

#11 உழவாரம்

−0.30 வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. கூலிப் பங்கு 40-க்குப் பதில் 80% என்று போட்டால் அந்த லாபமும் முழுக்கக் கரைந்து நட்டமாகிவிடும்: 2.89 × 0.8 = 2.31. நிலமே இல்லாத வீட்டில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாகத்தான் ஏறும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒன்றை மட்டும் ஏற்றிப் பார்த்தால் எந்த முடிவையும் வரவழைக்கலாம்.

2008 பற்றி: அது குறுகிய காலக் கணக்கு. அதே இவானிக், மார்ட்டின் 2014இல் நீண்ட காலத்துக்கும் கணக்குப் போட்டபோது, கூலியும் விளைச்சலும் நகர நேரம் கொடுத்தால் விலையேற்றம் பல நாடுகளில் வறுமையைக் குறைக்கிறது என்று வந்தது. இந்தியாவில் ஹனான் ஜேக்கபி 2004க்கும் 2009க்கும் இடையே பார்த்ததும் இதுதான். எந்த மாவட்டத்தின் பயிர்களுக்கு விலை அதிகம் ஏறியதோ அங்கே கிராமப்புறக் கூலி வேகமாக ஏறியிருந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 0.47 என்பது வங்கதேசத்து எண், அந்தக் காலத்து எண். வெளிவேலை நிறையக் கிடைக்கும் இடத்தில் கூலி தானிய விலையோடு இவ்வளவு ஒட்டி ஓடாது. உங்கள் தரவில் கணிக்க முடியாவிட்டால் 0, 0.2, 0.5 மூன்றுக்கும் ஓட்டி மூன்றையும் அட்டவணையில் போடுங்கள். குறி மாறுகிற இடத்தை வாசகருக்குக் காட்டிவிட வேண்டும்.

#12 வெள்ளைத்தாள்

மூன்றுக்கும் ஓட்டுவது சரி. ஏற்கிறேன். 80% கூலி வீட்டுக்கு −0.30 போட்டாலும் சுமார் 0.5% நட்டம் வருகிறது என்பதை இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

#13 சாளரம்

விலை மாறும்போது மக்கள் நுகர்வை மாற்றிக்கொள்வார்களே, பயிரை மாற்றுவார்களே, அதைச் சேர்க்க வேண்டாமா?

#14 கணக்குப்பிள்ளை

சாப்பாட்டு மாற்றத்துக்கு மெனக்கெட வேண்டாம். நுகர்வுப் பங்கு 0.43, நெகிழ்ச்சி (விலை 1% மாறினால் நுகர்வு எத்தனை சதவீதம் மாறும் என்பது) 0.5, விலை மாற்றம் 6.15%: ½ × 0.43 × 0.5 × 0.0038. விடை 0.04%. சர்வேயின் சத்தத்தில் அது காணாமல் போகும்.

பயிர் மாற்றம் வேறு. முன்பு ஒரு செடிகூட இல்லாத ஏற்றுமதிப் பயிருக்குத் திடீரென்று வாங்குபவர் வந்தால், நிகர ஆதாய விகிதம் அந்தப் பயிருக்குப் பூச்சியம் என்று சொல்லும். பூச்சியத்தை எந்த விலையால் பெருக்கினாலும் பூச்சியம். திறப்பின் பெரிய லாபங்கள் பல இந்தப் பூச்சியத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, யாரிடம் நிலம், தண்ணீர், முன்பணம் இருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

#15 மாறிலி

இத்தனை ஊகம் எதற்கு, நடந்ததையே அளந்துவிடலாம் என்பவர்களின் வழியையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியா தோபலோவா இந்தியாவுக்குச் செய்தது. 1990இல் சுமார் 80 சதவீதமாக இருந்த சராசரி இறக்குமதி வரி 1996இல் 37 ஆனது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 1991க்கு முன்பு எந்தத் தொழிலில் எத்தனை பேர் என்ற பங்கை எடுத்து, அந்தத் தொழிலின் வரியால் பெருக்கிக் கூட்டினால் மாவட்டத்துக்கு ஒரு வரி அளவு. அது அதிகம் இறங்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை குறைந்த வேகம் மற்றவற்றைவிடக் குறைவு. இந்தியா 1990களில் வறுமைக் குறைப்பில் கண்ட முன்னேற்றத்தில் சுமார் 15% அளவுக்கு இது பின்னடைவு என்று மதிப்பிட்டார். வேலை தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள் மிகக் குறைவு, தொழிலாளர் சட்டம் இறுக்கமான மாநிலங்களில் பாதிப்பு அதிகம்.

இதைத்தான் "வணிகத் திறப்பால் இந்தியாவில் வறுமை கூடியது" என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. மாவட்டத்தையும் மாவட்டத்தையும் ஒப்பிட்டால் கிடைப்பது வித்தியாசம் மட்டும். எல்லா மாவட்டத்தையும் சேர்த்துத் தூக்கியதோ தாழ்த்தியதோ இந்த முறையில் கண்ணுக்கே தெரியாது. ஓடும் ரயிலுக்குள் யார் முன்பெட்டி, யார் பின்பெட்டி என்று அளந்துவிட்டு ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது.

#16 வெள்ளைத்தாள்

அதே தரவில் ஹசன், மித்ரா, உரல் மூவருக்கும் வேறு முடிவு வந்ததே? மாநில அளவிலும் வட்டார அளவிலும் பார்த்து, வரிப் பாதுகாப்புக் குறைந்ததால் வறுமைக் குறைப்பு தடைபட்டதற்குச் சான்றில்லை என்றார்கள். யாரை நம்புவது?

#17 மாறிலி

வித்தியாசம் பெரும்பாலும் சமையலறையில்தான். மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலாவது, வணிகமாகாத துறைகள், அதாவது இறக்குமதியோ ஏற்றுமதியோ நடக்காதவை. கட்டுமானம், சில்லறை வியாபாரம் போன்றவற்றுக்கு வரி பூச்சியம் என்று போட்டுச் சராசரியில் சேர்ப்பதா, அல்லது நீக்கிவிட்டு வணிகத் துறைகளுக்குள் மட்டும் பங்கைக் கணக்கிடுவதா? தானிய இறக்குமதி அந்தக் காலம் முழுக்க அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும் நடந்ததால், தானிய விவசாயிகளும் பூச்சியக் கூடைக்குள் போய்விட்டார்கள். கூடை பெருத்த மாவட்டம் ஏழை மாவட்டமும்கூட. ஆக வரி அளவு வறுமையையே மறைமுகமாக அளக்கத் தொடங்கிவிடும். தோபலோவா இதை உணர்ந்துதான் வணிகத் துறை மட்டும் கொண்ட அளவைக் கருவி மாறியாக (கோணலான அளவிலிருந்து நம்பத்தகுந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க உதவும் அளவு) வைத்தார். இன்றைக்குச் செய்கிறவர் வணிகத் துறைகளின் மொத்தப் பங்கை ஒரு கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, பிழை மதிப்பீடு. ஒரே மாதிரித் தொழில் கொண்ட மாவட்டங்கள் நாட்டின் இரண்டு மூலையில் இருந்தாலும் ஒரே அதிர்ச்சியைத்தான் வாங்குகின்றன. மாநிலவாரியாகக் கொத்துக் கட்டினால் (ஒரே மாநிலத்து மாவட்டங்கள் மட்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று வைத்துப் பிழையைக் கணித்தால்) அது பிடிபடாது, புள்ளியியல் உறுதியைக் காட்டும் நட்சத்திரங்கள் இலவசமாகக் கிடைக்கும். அடாவோ, கோலெசார், மொராலெஸ் 2019இல் இதற்குத் திருத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தேசிய மாதிரி சர்வேயின் 55ஆம் சுற்று, 1999-2000. உணவுச் செலவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டு கேள்வியையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். பதில்கள் ஒன்றையொன்று தொற்றிக்கொண்டன, வறுமை உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. திருத்தாத எண்ணை 1987-88 சுற்றோடு ஒப்பிட்டால் எல்லாமே வெற்றிக் கதை.

#18 ஆற்றுமணல்

எதிர்ப்பக்கத்துக்கு வியட்நாம். அங்கே அரிசி ஏற்றுமதி ஒதுக்கீட்டைத் தளர்த்தி, 1997இல் உள்நாட்டு அரிசிப் போக்குவரத்துத் தடைகளையும் எடுத்தார்கள். 1993க்கும் 1998க்கும் இடையே அரிசி விலை மற்ற விலைகளோடு ஒப்பிட்டால் சுமார் 30% ஏறியது. எட்மண்ட்ஸும் பாவ்ச்னிக்கும் கண்டது: அந்தக் காலத்தில் கிராமப்புறக் குழந்தை உழைப்பு குறைந்ததில் கிட்டத்தட்டப் பாதிக்கு இந்த விலையேற்றமே காரணம். விளைச்சல் லாபமானால் பிள்ளைகளை வயலுக்கு இழுப்பார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். வருமானம் ஏறியதும் பிள்ளைகள் வேலையிலிருந்து விடுபட்டார்கள்.

பிறகு 2001 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம். வியட்நாம் ஏற்றுமதிக்கு அங்கே இருந்த வரி சராசரி 23.4 சதவீதத்திலிருந்து 2.5 ஆனது. அதிகம் பயன்பெற்ற மாகாணங்களில் வறுமை வேகமாகக் குறைந்ததை பிரையன் மக்கேக் காட்டினார். (@மாறிலியின் ரயில் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.)

இரண்டு நாட்டுக்கும் என்ன வித்தியாசம்? இந்தியாவில் இறக்குமதிக் கதவு, வியட்நாமில் ஏற்றுமதிக் கதவு. இதைப் பார்க்காமல் "திறப்பு" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிவிடுகிறார்கள். கூடவே, வியட்நாமில் கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து நிலத்தை ஓரளவு சமமாகப் பிரித்துக் கொடுத்த பிறகு வந்த விலையேற்றம் அது. நிலம் பத்து பேரிடம் குவிந்த நாட்டில் அதே 30% ஏற்றம் வேறு படம் காட்டியிருக்கும்.

#19 வரப்பு

அப்படியானால் ஏற்றத்தாழ்வை எப்படி அளப்பது? கினி குறியீட்டை (ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை ஒரே எண்ணில் சொல்வது) முன்பும் பின்பும் போட்டால் மூன்றாவது தசமத்தில்தான் அசைகிறது.

#20 பதர்

அசையாது. 1%, 2% மாற்றங்களைக் கினி விழுங்கிவிடும். டீட்டன் செய்தது போல, கிடையச்சில் தலா செலவின் மடக்கை, நிலையச்சில் நிகர ஆதாய விகிதம், நடுவில் ஒரு மென்கோடு. தாய்லாந்தில் அந்தக் கோடு நடுவில்தான் உயர்ந்திருந்தது: அரிசி விலையேற்றத்தில் விகிதப்படி அதிக லாபம் அடித்தட்டுக்கும் இல்லை, உச்சிக்கும் இல்லை, கிராமத்து நடுத்தர விவசாயிக்கு. ஒரே ஒரு கினி எண்ணில் இந்தப் புடைப்பு தெரியவே தெரியாது.

வீடுகளைச் செலவுப்படி ஐந்து சம பிரிவாக்கி மட்டும் போடாமல் நில அளவுவாரியாகவும் ஓர் அட்டவணை போடுங்கள்: நிலமில்லாதவர், அரை ஹெக்டேர் வரை, இரண்டு வரை, மேலே. குத்தகைக்காரரைத் தனி வரியில் வையுங்கள். பணக் குத்தகை என்றால் விலை இறங்கிய ஆண்டில் முழு அடியும் பயிரிடுபவருக்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் நில உரிமையாளர் பங்கெடுப்பார். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகை என்றால் இரண்டு பேரும் அன்றைக்கே பகிர்ந்துகொள்கிறார்கள். நில உரிமையாளர் நகரத்தில் இருந்தால் அவர் உங்கள் கிராமப்புற மாதிரியிலேயே இல்லை. விலை ஏற்றத்தின் ஒரு பகுதி கோப்பை விட்டே வெளியேறிவிடும்.

#21 தராசுத்தட்டு

நட்ட ஈடு பற்றியும் ஒரு வரி. மெக்சிகோவில் புரோகாம்போ என்று ஹெக்டேர் கணக்கில் பணம் கொடுத்தார்கள். 1993 ஆகஸ்டுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் குறிப்பிட்ட ஒன்பது பயிர்களில் ஒன்றைப் பயிரிட்ட நிலம் என்பதே தகுதி. இப்போது என்ன விளைவிக்கிறார், விற்கிறாரா என்பதெல்லாம் கேள்வியில்லை. ஆகவே விற்காத மலை விவசாயிக்கும் கிடைத்தது, அது நல்லது. ஹெக்டேர் கணக்கு என்பதால் நிலம் உள்ளவனுக்கு நிலத்தளவு, நிலமில்லாத கூலிக்குப் பூச்சியம். @உழவாரம் கணக்கில் −0.54 வாங்கிய வீடு இருக்கிறதே, அதன் கூலி இழப்புக்கு இந்த வகைத் திட்டத்தில் கட்டமே கிடையாது.

#22 வரப்பு

கடைசியாக இரண்டு. விலை இறங்கினால் வறுமைக் கோட்டையும் இறக்க வேண்டுமா? சர்வே எடையை (ஒரு மாதிரி வீடு எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற எண்) எப்படிப் போடுவது?

#23 கணக்குப்பிள்ளை

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். விலை இறக்கத்தின் லாபத்தை வீட்டின் செலவில் சேர்த்துவிட்டீர்கள் என்றால் கோட்டைத் தொடாதீர்கள். கோட்டையும் இறக்கினால் ஒரே லாபத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள், வறுமை மாயமாக மறையும். கோட்டை இறக்கும் வழியில் போவதானால் ஏழைகளின் கூடையில் தானியத்துக்கு உள்ள பங்கை எடுங்கள். பொதுவான நுகர்வோர் விலைக் குறியீட்டின் பங்கு அவர்களுக்குப் பொருந்தாது.

எடை: குடும்ப எடையைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வறுமையை ஆளுக்கு எண்ணுகிறோம், ஏழை வீடுகளில் ஆள் அதிகம்.

#24 பதர்

விகிதத்தை வீட்டுக்கு வீடு கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுங்கள். மொத்த விளைச்சலை மொத்தச் செலவால் வகுத்தால் பெரிய பண்ணைகளின் எண்தான் வரும். அதற்கு முன் விகிதம் +1-க்கு மேலும் −1-க்குக் கீழும் போன வீடுகளைப் பட்டியல் போட்டுக் கண்ணால் பாருங்கள். பாதி வீடுகளில் நெல், அரிசி அலகு மாறியிருக்கும். மீதியில் யாரோ ஒரு பூச்சியம் கூடத் தட்டியிருப்பார்கள்.

#25 வரப்பு

பார்த்துவிட்டேன். 41 வீடுகள். 26இல் மூட்டையைக் கிலோ என்று பதிந்திருக்கிறார்கள்.